சிரிப்புக்கு எத்தனை ஜிபி?



வேலை முடிஞ்சு அக்கடான்னு உட்கார்ந்தா, 'சின்னப் பாப்பா பெரிய பாப்பா' மாதிரி பழைய காமெடித் தொடரைச் செல்போனில் பார்க்கிறோம். எம்.எஸ்.பாஸ்கர் பட்டாபியாக வந்தாலே சிரிப்புதான். சிரிப்பதில் தப்பே இல்லை. ஆனால், மத்தியானத்துக்குள் டேட்டா தீர்ந்துபோனால் பிள்ளையின் பாடமும் நின்றுபோகிறது, பேங்க் கணக்கு பார்ப்பதும் நின்றுபோகிறது. உடனே கூடுதல் ரீசார்ஜ்!

வீடியோவை 1080-ல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபிக்கு மேல் போகும். 480-ல் சுமார் அரை ஜிபி போதும். 2000-ஐ ஒட்டி வந்த தொடர்கள் அன்றைய டிவிக்காக எடுத்தவை. அந்த டிவி படத்தில் 576 வரிகள்தான். 1080 வைத்தாலும் இல்லாத தெளிவு எங்கிருந்து வரும்? ஒரு படி அரிசியைப் பெரிய அண்டாவில் கொட்டினாலும் ஒரு படிதானே!

வீடியோ ஓடும்போது திரையைத் தொட்டு, மேலே தெரியும் பல்சக்கரப் படத்தை அமுக்குங்க. 'குவாலிட்டி' என்ற இடத்தில் 480 வைங்க. சின்ன செல்போனுக்கு 360-ம் போதும்.

ஒரு ரூபாய் வட்டிக்கும் கணக்கு எழுதுகிற நாம், டேட்டாவுக்கும் கணக்கு பார்ப்போம். சிரிப்பு குறையாது, செலவு குறையும்.