பால் புட்டியும் கொதிக்கிற தண்ணீரும்



நம்ம மாவட்டத்துக் கிராமக் கூட்டங்களிலே இப்போது அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. "பால் புட்டியிலே கிருமி நீக்க எந்த ஸ்டெரிலைசர் வாங்கலாம்?" கேட்கிறவர் பெரும்பாலும் வளைகுடா நாட்டிலே வேலை பார்த்து, லீவுக்கு வந்திருக்கிற தகப்பனார். பிள்ளைக்கு ஏதாவது நல்லதாகச் செய்ய வேண்டும் என்ற ஆசை. நல்ல ஆசைதான். ஆகவே சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுகிறேன்.

பிறந்த பிள்ளைக்கு 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். இதை நீங்கள் கேட்டுக் கேட்டுப் புளித்திருக்கும். ஆனாலும் புட்டி இல்லாத ஊர் கிடையாது. தாயை இழந்த பிள்ளை உண்டு, தாய் கடுமையான நோயிலே கிடக்கிற வீடு உண்டு. அண்டி ஆபீசுக்குக் காலையிலே போய்ச் சாயங்காலம் திரும்புகிற தாய்மாரும் உண்டு. இவர்களிலே வேலைக்குப் போகிறவர்களுக்குப் பால்மாவு தேவையே இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்க வைத்த கிண்ணத்திலே தாய்ப்பாலைப் பீய்ச்சி மூடி வைத்தால், வெளியிலேயே 4 மணி நேரம் இருக்கும். அதற்கு மேலே வைக்க வேண்டுமானால் குளிர்பதனப் பெட்டி வேண்டும். வீட்டிலே இருக்கிற ஆச்சி அதைச் சங்கிலே ஊற்றிப் புகட்டலாம். மற்றவர்களுக்கு, டாக்டர் சொல்லித்தான் பால்மாவு தொடங்க வேண்டும். கடைக்காரரோ, கம்பெனி ஆளோ சொல்லி அல்ல. 1992-ம் வருஷத்துச் சட்டப்படி பால்மாவுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்யக்கூடாது. தாய்மாருக்கு இலவச மாதிரியும் கொடுக்கக்கூடாது. யாராவது ஒரு டின்னைச் சும்மா நீட்டினால், வாங்காதீர்கள்.

இப்போது புட்டிக்கு வருவோம். புட்டியிலே ஆபத்து எங்கே இருக்கிறது? ரப்பர் காம்பின் உள்மடிப்பிலே, மூடியின் மரையிலே, அடிப்பாகத்து மூலையிலே. அங்கே ஒட்டிய பால் திரிந்து படலமாகக் காய்ந்துவிடும். அந்தப் படலத்துக்குள்ளே கிருமி பெருகும். இன்னொன்றும் கவனியுங்கள்: அந்தப் படலம் கிருமிக்குப் போர்வை மாதிரி. அதை உரித்து எடுக்காமல் எந்த இயந்திரத்திலே வைத்தாலும் கிருமி முழுக்கச் சாகாது. கிருமி நீக்குவது வேறு, அழுக்கு நீக்குவது வேறு. இரண்டாவது வேலையைச் செய்கிற இயந்திரத்தை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. அதை மனுஷக் கைதான் செய்ய வேண்டும். பிள்ளை குடித்து முடித்த உடனே புட்டியைப் பிரித்து, சோப்புத் தண்ணீரிலே, அதற்கென்று வைத்த பிரஷால் தேய்த்து, காம்பை உள்ளே வெளியே திருப்பிக் கழுவுங்கள்.

பிறகு கொதிக்க வைப்பது. மூடியுள்ள, வாயகன்ற ஒரு சருவம் போதும். அதிலே வேறே எதுவும் சமைக்காதீர்கள். புட்டி, காம்பு, மரை வளையம், மூடி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துப் போட்டு, முழுதும் முங்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். புட்டிக்குள்ளே காற்றுக் குமிழ் நிற்கக்கூடாது. சரித்துப் பிடித்தால் போய்விடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கின நேரத்திலே இருந்து 10 நிமிஷம். அடுப்பிலே வைத்த நேரத்திலே இருந்து அல்ல. கைபேசியிலே மணி வைத்துக் கொள்ளுங்கள். அடுப்பை அணைத்த பிறகு, தேவைப்படுகிற வரைக்கும் மூடியைத் திறக்க வேண்டாம்.

பல வீடுகளிலே இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, கடைசியிலே சூடு ஆற என்று பச்சைத் தண்ணீரிலே ஒரு முக்கு முக்குகிறார்கள். இல்லாவிட்டால் தோளிலே கிடக்கிற துவர்த்தாலே துடைக்கிறார்கள். பத்து நிமிஷ வேலை ஒரு நொடியிலே போச்சு! கழுவின கையாலே எடுத்து, தண்ணீரை உதறி, அப்படியே மாட்டுங்கள்.

கடையிலே விற்கிற ஸ்டெரிலைசர் இதே வேலையைத்தான் செய்கிறது. மின்சாரத்தாலே ஓடுவது, கொஞ்சம் தண்ணீரை ஆவியாக்கி அந்த ஆவியாலே கிருமியைக் கொல்லுகிறது. நல்ல சாதனம்தான். அளந்த தண்ணீர் ஊற்ற வேண்டும்; புட்டியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். உப்புத் தண்ணீர்க் கிணறு உள்ள கடலோர ஊர்களிலே அடித்தட்டிலே வெள்ளையாகப் படியும். வினிகர் ஊற்றி அவ்வப்போது கழுவ வேண்டும். குளோரின் மாத்திரை கரைத்த தண்ணீரிலே போடுவது இன்னொரு முறை. டப்பாவிலே சொன்ன அளவு, சொன்ன நேரம், 24 மணிக்கு ஒருமுறை புதுத் தண்ணீர். பிளீச்சிங் பவுடரைக் கண்ணளவிலே கரைத்து இதற்கு உபயோகிக்காதீர்கள். நீல வெளிச்சப் பெட்டியும் வந்திருக்கிறது. வெளிச்சம் படாத மடிப்பிலே அது வேலை செய்யாது. எனக்கு அதிலே நம்பிக்கை இல்லை.

2017 நவம்பர் 30-ம் தேதி ஓகி புயல் அடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களிலே நாள்கணக்கிலே கரண்டு இல்லை. அப்படிப்பட்ட நாளிலும் சருவமும் அடுப்பும் வேலை செய்யும். ஆகவே என் யோசனை இது. ஸ்டெரிலைசருக்கு வைத்திருக்கிற பணத்திலே, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள புட்டி இன்னும் நாலு, காம்பு எட்டு, நல்ல மூடியோடு ஒரு சருவம் வாங்குங்கள். பிசுபிசுத்த, உப்பின, வெடித்த காம்பைத் தூக்கி எறிய மனசு வர வேண்டுமென்றால் கையிலே வேறு காம்பு இருக்க வேண்டும்.

நாலு புட்டி அதிகம் எதற்கு? ராத்திரிக்குத்தான். பகலிலே எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். ராத்திரி 2 மணிக்குப் பிள்ளை வீறிட்டு அழுகிறது, தாய்க்குக் கண் எரிகிறது, சாயங்காலம் குடித்த புட்டி தலைமாட்டிலே கிடக்கிறது. அதை ஒரு அலசு அலசிப் பாலை ஊற்றுகிறார்கள். அந்தப் புட்டிதான் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறது. சாயங்காலமே கொதித்த புட்டிகளை முழுதாக மாட்டி மூடி வைத்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை. தகப்பன்மார்களே, இந்தச் சாயங்கால வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளலாமே! விறகு பிளக்கிற கைக்குப் புட்டி கழுவுவது பெரிய காரியமா?

புட்டி சுத்தமானாலும் ஒரு பாக்கி இருக்கிறது. டின்னிலே வருகிற பால்மாவு கிருமியற்றதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் இதை விளக்கி வழிமுறை வெளியிட்டது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, அரை மணிக்கு மேலே ஆற விடாமல், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டிலேயே மாவைக் கலக்க வேண்டும். அந்தச் சூடு மாவிலே உள்ள கிருமியைக் கொல்லும். பிறகு புட்டியைக் குளிர்ந்த தண்ணீரிலே பிடித்து ஆற்றி, மணிக்கட்டிலே ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். மிச்சத்தை 2 மணி நேரத்துக்கு மேலே வைக்காமல் கொட்டிவிடுங்கள். டின் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று தண்ணீரைக் கூட்டிக் கலப்பதும் உண்டு. பிள்ளை வயிறு நிறைந்து, உடம்பு தேறாமல் போகும்.

இந்தோனேசியாவிலே யோக்யகர்த்தா பக்கம் 2006 மே மாதம் பூகம்பம் வந்தபோது, நல்ல மனசோடு பலர் பால்மாவை அனுப்பினார்கள். பிறகு கணக்கெடுத்தார்கள். தானமாக வந்த பால்மாவு வாங்கின பிள்ளைகளிலே நூற்றுக்கு 25 பேருக்கு வயிற்றுப்போக்கு. வாங்காதவர்களிலே நூற்றுக்கு 12 பேருக்குத்தான்.

டாக்டர் பால்மாவு சொன்னாலும் புட்டி கட்டாயமில்லை. நம்ம ஆச்சிமார் வைத்திருந்த சங்கு, இல்லாவிட்டால் ஒரு சின்னக் கிண்ணம் போதும். மடிப்பு இல்லை, மரை இல்லை, கழுவுவது சுலபம். பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, உதட்டிலே வைத்து, அது தானாக உறிஞ்சட்டும், வாய்க்குள்ளே ஊற்றாதீர்கள்.

கணவன் மனைவி இரண்டு பேரும் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சங்கதி. 6 மாதம் ஆகாத பிள்ளை, மாதவிலக்கு திரும்பி வராத தாய், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் என்றால், அடுத்த கர்ப்பத்துக்கு அது நல்ல தடை; நூற்றிலே இரண்டு பேருக்குத்தான் தவறும். புட்டி நுழைந்தால் அந்தத் தடை போய்விடும். மாதவிலக்கு வருவதற்கு முன்னாலேயே கர்ப்பம் தரிக்கலாம். புட்டி தொடங்கின வாரமே, கிராம சுகாதார செவிலியரிடம் காப்பர் டி பற்றியோ ஆணுறை பற்றியோ கேளுங்கள்.

புட்டிப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் நாள் பார்க்காதீர்கள். கண் குழிந்தாலோ, மூத்திரம் குறைந்தாலோ, குடிக்க மாட்டாமல் துவண்டாலோ, 2 மாதம் ஆகாத பிள்ளையானாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையம். வண்டி இல்லையென்றால் 108. மற்றபடி செவிலியர் தருகிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரிலே முழுதும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். துத்தநாக மாத்திரையை 14 நாளும் நிறுத்தாதீர்கள். கரைசல் 24 மணி நேரத்துக்கு மேலே ஆகாது. அதைப் புட்டியிலே ஊற்ற வேண்டாம். கரண்டியாலோ சங்காலோ கொடுங்கள்.