அறுபதாம் வயதில் ஒலிவாங்கியின் முன்

(ஆலய இசைவிழாவின் தொடக்க நாளன்று ஆற்றிய உரை)



எனக்கு ஒதுக்கப்பட்டிருப்பது பத்து நிமிடங்கள். அரசு ஊழியன் என்பதால் நேரத்தை மீறமாட்டேன் என்று செயலாளர் நம்பியிருக்கிறார். எங்கள் அலுவலகக் கூட்டங்களை அவர் பார்த்ததில்லை போலும்.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் வீட்டில் வானொலி ஆறு ஒலித்துக்கொண்டே இருக்கும். இன்று அதுவே மின்னல் எஃப்எம். பாடகர்களையும் வாத்தியக் கலைஞர்களையும் அறிவிப்பாளர்கள் பேட்டி காணும்போது, கேள்வி கேட்பவரும் ஓர் இசைக்கலைஞராக இருந்தால் எப்படியிருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை. பல ஆண்டுகள் கழித்து ஓர் அம்மையாரைப் பற்றி அறிந்தபோதுதான் தோன்றியது. அவர் நம் மொழியினர் அல்லர். நம் இசை மரபைச் சார்ந்தவரும் அல்லர். ஆயினும் அவர் கதை நம் மண்டபத்திற்கு உரியது என்றே கருதுகிறேன்.

அவர் பெயர் மேரியன் மெக்பார்ட்லண்ட். 1918இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இலண்டன் கில்டுஹால் இசைப்பள்ளியில் பயின்றுவந்தவர், படிப்பை இடையில் விட்டுவிட்டு மேடைக் கலைஞரானார். போர்க்காலத்தில் படைவீரர்களுக்குப் பியானோ வாசிக்கச் சென்ற இடத்தில் ஜிம்மி மெக்பார்ட்லண்ட் என்னும் அமெரிக்க ஜாஸ் கலைஞரைச் சந்தித்து, 1945இல் மணந்து, மறு ஆண்டு அமெரிக்கா சென்றார். (பிற்காலத்தில் இருவரும் மணவிலக்குப் பெற்றனர், நட்பை விடவில்லை, 1991இல் ஜிம்மி இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் மீண்டும் மணந்துகொண்டனர். இது நம் தலைப்புக்கு வெளியே உள்ள செய்தி; சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

ஜாஸ் இசை அமெரிக்கக் கறுப்பின மக்கள் பெற்றெடுத்தது. ஆங்கிலேயர், வெள்ளையர், பெண் என்னும் மூன்றும் அவருக்குத் தடைகள் என்று லெனர்ட் ஃபெதர் என்ற விமர்சகர் எழுதினார். அம்மையாரோ 1952 முதல் எட்டு ஆண்டுகள் நியூயார்க்கின் ஹிக்கரி ஹவுஸ் உணவகத்தில், தட்டும் கரண்டியும் எழுப்பும் ஓசைக்கு நடுவே வாசித்துப் பெயர் பெற்றார்.

1978இல் அவருக்கு வயது 60. நாம் மணிவிழா எடுத்து ஓய்ந்திருக்கச் சொல்லும் வயது. அப்போதுதான் தென் கரோலினா மாநிலப் பொது வானொலியினர் அவரை அழைத்தார்கள். அவர்களுக்காக முன்னர் நிகழ்ச்சி நடத்திய அலெக் வைல்டர் என்னும் இசையமைப்பாளர் இவர் பெயரைப் பரிந்துரைத்திருந்தார். அவ்வாறு தொடங்கிய ‘பியானோ ஜாஸ்’ 1979 முதல் தேசியப் பொது வானொலி வழியாக நாடெங்கும் ஒலித்தது.

நிகழ்ச்சியின் அமைப்பு மிக எளியது. ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டு பியானோக்கள். ஒன்றில் அவர், மற்றொன்றில் விருந்தினர். பேசுவார்கள், வாசித்துக் காட்டுவார்கள், பிறகு இருவரும் சேர்ந்து வாசிப்பார்கள். முதல் விருந்தினர் மேரி லூ வில்லியம்ஸ் என்னும் மூத்த பெண் கலைஞர். தொண்ணூறைத் தாண்டிய யூபி பிளேக் வந்தார். டிரம்பெட்டில் புகழ்பெற்ற டிஸ்ஸி கில்லெஸ்பி வந்து பியானோவில் அமர்ந்தார். பின்னாளில் நம் ரவி சங்கரின் மகள் நோரா ஜோன்ஸும் வந்தார்.

இவற்றுள் பில் எவன்ஸ் வந்த நிகழ்ச்சியை மட்டும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். அவர் 1980இல் ஐம்பத்தொரு வயதில் மறைந்தவர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பதிவானது அது. ஒரு பாடலின் அடிப்படைக் கட்டமைப்பை மனத்தில் உறுதியாக நிறுத்திக்கொண்டால்தான் அதற்குள் சுதந்திரமாக உலவ முடியும் என்பதை அவர் சொல்லியும் வாசித்தும் விளக்கினார். நம் வித்துவான்கள் மனோதர்மம் என்று சொல்வதற்கு மிக அருகில் நிற்கும் விளக்கம் அது. சாதாரண நிருபர் ஒருவர் கேட்டிருந்தால் விருதுகளைப் பற்றிக் கேட்டிருப்பார். அம்மையாரோ தாமே விரல் வைத்துத் தடுமாறிய இடங்களை அறிந்தவர். அந்த இடங்களைப் பற்றிக் கேட்டார். கேட்ட பிறகு பதில் வரும்வரை காத்திருந்தார். விருந்தினரோடு வாசிக்கும்போதும் தம் திறமையைக் காட்ட முந்தவில்லை. பக்கவாத்தியம் போல் இடம் கொடுத்தார். சில நிகழ்ச்சிகளில், எதிரில் இருப்பவரின் இயல்பையே அந்த நொடியில் ஓர் இசைச் சித்திரமாக வாசித்துக் காட்டுவார்.

மூட்டுவலி விரல்களை வாட்டிய முதுமையிலும் அவர் இப்பணியைத் தொடர்ந்தார். 2011இல் விலகியபோது வயது 93. 2013இல் மறைந்தார். அவர் பேசவைத்த கலைஞர்கள் பலர் இன்று இல்லை. அவர்களின் குரலும் விளக்கமும் பதிவாக இருக்கின்றன.

இங்கே என் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இதே விழாவில் நான் நிகழ்ச்சி நெறியாளராக நின்றேன். தோட்டத்துக் கோவில்களில் நெடுங்காலம் தவில் வாசித்த பெரியவர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டேன். அவர் ஒலிவாங்கியை வாங்கி, “தேர் வளைவுல திரும்பும்போது நடைய மாத்தி வாசிக்கணும் தம்பி, ஏன்னா...” என்று தொடங்கினார். அந்த நேரம் பார்த்துப் பிரமுகர் ஒருவர் வாசலுக்கு வந்துவிட்டார். நான் சிரித்துக்கொண்டே ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அடுத்த விழாவுக்குப் பெரியவர் இல்லை. நடையை ஏன் மாற்ற வேண்டும் என்பதை விசாரித்துப் பார்த்தேன். ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அவர் என்ன சொல்லவந்தார் என்பது எனக்குத் தெரியாது.

ஆகவே இவ்வாண்டு நிர்வாகக் குழுவிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். மேடையின் இடப்புறம் இரண்டு நாற்காலிகள் போடப்பட்டிருப்பதைக் காண்கிறீர்கள். நாதசுர ஐயா அவர்கள் வாசித்து முடித்ததும் அவற்றுள் ஒன்றில் அமர்வார். மற்றொன்றில் அமரப் போகிறவர் நான் அல்லேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பிள்ளைகளுக்கு வயலின் கற்பிக்கும் நம் ஆசிரியை அவர்கள். மணிக்கட்டு வலியால் மேடையில் வாசிப்பதை அவர் நிறுத்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. “எனக்கு மேடையில பேச வராதுங்க” என்று முதலில் மறுத்தார். நீங்கள் பேச வேண்டாம், கேட்டால் போதும் என்றேன். இரண்டு நாள் கழித்து ஒரு பயிற்சிப் புத்தகம் நிறையக் கேள்விகளோடு வந்தார். முதல் கேள்வி என்ன என்றேன், சொல்ல மறுத்துவிட்டார்.

நேரக்கட்டுப்பாடு அந்த இரண்டு நாற்காலிகளுக்கு இல்லை என்று தலைவர் அவர்கள் உறுதியளித்திருக்கிறார்கள். ஒலிப்பதிவு தயார் என்று இளைஞர் பகுதியினர் கை காட்டுகிறார்கள். நான் இறங்கிக்கொள்கிறேன்.