நெஞ்சுவலி கண்ட முதல் மணி நேரம்

(முட்டத்தில் கூடிய ஊராட்சி அங்கத்தினர், விவசாயிகள், மீனவர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



நெஞ்சுவலி கண்டால் நம் ஊரில் முதலில் செய்வது என்ன? வாயு என்று சொல்லிச் சோடா குடிப்பார்கள். சுக்குக் கஷாயம் வைப்பார்கள். சுக்கின் மீது எனக்குப் பகையில்லை. ஆனால் இருதயத்தின் இரத்தக் குழாய் அடைபட்டிருந்தால், கஷாயம் கொதிக்கும் நேரத்திலேயே இருதயத் தசை மடிந்துகொண்டிருக்கும். மடிந்த தசை மீண்டும் உயிர் பெறுவதில்லை.

மார்பின் நடுவே பாரம் ஏற்றினாற்போன்ற அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை அடையாளங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களில் சிலருக்கும் வலியின்றி மூச்சுத் திணறலும் அசதியுமே தோன்றலாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நோயாளியைச் சாய்ந்தவாறு உட்கார வையுங்கள், நடக்க விடலாகாது. மோட்டார் சைக்கிளில் இருவர் நடுவே அமர்த்திச் செல்வதும் ஆகாது.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இங்கிருந்து 20 கிலோமீட்டருக்கும் குறைவே. அத்தூரத்திலும் காலம் கரைகிறது. ஆகவேதான் 2023-ஆம் ஆண்டில் அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் முதல் மருந்து கொடுப்பதற்கு இது வழி செய்தது. 150 மி.கி. ஆஸ்பிரின் 2, 75 மி.கி. குளோபிடோக்ரெல் 4, 10 மி.கி. அடோர்வாஸ்டாட்டின் 8, ஆக 14 மாத்திரைகள். முதல் இரண்டும் இரத்தக் கட்டி பெருகாமல் தடுப்பவை. ஆயினும் அடைப்பைக் கரைப்பதும் திறப்பதும் மருத்துவமனையின் வேலை. வலி தணிந்தது என்று பாதி வழியில் வீடு திரும்பிவிடாதீர்கள். இம்மாத்திரைகளைத் தாமே வாங்கி விழுங்குவதும் தவறு. குடற்புண்ணோ இரத்தக் கசிவோ உள்ளவருக்கு அவை தீங்காகும்.

நோயாளி நினைவிழந்து, மூச்சும் நின்றுவிட்டால், மார்பின் நடு எலும்பின் மேல் இரு கைகளையும் வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஊர்தி வரும்வரை நிறுத்தலாகாது. களைத்தால் ஆள் மாறிக் கொள்ளுங்கள்.

கடலில் வலி கண்டவர் வலையை வாரி முடித்துத் திரும்பலாம் என்று எண்ணுகிறார். உடன் இருப்பவர்களும் வலையை விட்டு வரச் சொல்லத் துணிவதில்லை. நான் சொல்கிறேன்: படகைத் திருப்புங்கள், கரைக்குச் செய்தி சொல்லி, ஊர்தியைத் துறைமுகத்தில் நிற்கச் செய்யுங்கள்.

துணை நிலையம் இரவில் பூட்டியிருக்கலாம். எந்நேரமும் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதை ரேஷன் கடைச் சுவரிலும் மீன் ஏலக்கூடத்திலும் எழுதி வைப்பதை அடுத்த கூட்டத்தின் முதற்பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.