நாடகமும் அதை எழுதி வைப்பவரும்



1958ஆம் ஆண்டு மே மாதம், மேற்கு லண்டனில் ஹாமர்ஸ்மித் பகுதியிலுள்ள லிரிக் அரங்கில், ஹெரால்ட் பின்டர் என்னும், அப்போது பலரும் அறிந்திராத ஓர் இளம் நடிகர் எழுதிய ‘பிறந்தநாள் விருந்து’ என்ற நாடகம் மேடையேறியது. தினசரிப் பத்திரிகைகளின் விமர்சகர்கள் பெரும்பாலோர் அதைத் தலைகால் புரியாத பிதற்றலென்று ஒதுக்கிவிட்டார்கள், ஜனங்களும் வரவில்லை, எட்டே காட்சிகளோடு நாடகம் நின்றுபோயிற்று. நின்றுபோனதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகையில் ஹெரால்ட் ஹாப்ஸன் என்ற மூத்த விமர்சகர், தமக்கிருந்த பெயரையே பணயமாக வைத்து, இந்த ஆசிரியரைப் போன்ற சுயமான, மனத்தைக் கலக்கும் திறமை லண்டன் நாடக உலகில் வேறு எவரிடமும் இல்லையென்று எழுதினார். படித்தவர்கள் ஓடிப்போய்ப் பார்ப்பதற்கு நாடகம் அங்கே இல்லை. ஆயினும் அந்த ஒரு கட்டுரை பின்டரைத் தொடர்ந்து எழுதச் செய்தது. 2005ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததையும் உலகம் கண்டது.

இச்சம்பவத்தில் என்னைக் கவர்வது ஹாப்ஸனின் தீர்க்கதரிசனம் அன்று. அதைவிடச் சாதாரணமான வேறொரு விஷயம். ஆள் சேராத ஒரு கொட்டகையில், தோற்றுக்கொண்டிருந்த ஒரு நாடகத்தை, முழுக் கவனத்தோடு ஒருவர் உட்கார்ந்து பார்த்தார் என்பதே அது. அவ்வாறு பார்ப்பவர் ஒருவர் நம்முடைய நாடகங்களுக்கும் வாய்த்திருக்கிறாரா என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

நம்முடைய நாடகங்கள் என்று நான் சொல்வது, லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் பள்ளிக்கூட மண்டபங்களை ஒரு மாலைக்கு வாடகைக்கு எடுத்து, பகலெல்லாம் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அலுவலகத்திலும் உழைத்தவர்கள் இரவில் ஒத்திகை பார்த்து நடிக்கிற தமிழ் நாடகங்களை. இந்த நகரத்துக்கும் ஈழத்துத் தமிழ் நாடகத்துக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்து, 1940இல் ‘நானாடகம்’ என்ற நூலை வெளியிட்ட பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையும், பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு நாட்டுக்கூத்துக்குப் புத்துயிர் கொடுத்து, 1960களில் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை நகரத்து அரங்குகளில் ஏற்றிய பேராசிரியர் சு. வித்தியானந்தனும் லண்டன் பல்கலைக்கழகத்தில் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றுச் சென்றவர்களே. கூத்தின் வடமோடி, தென்மோடி ஆட்டங்களை, அதைப் பயிற்றும் கிராமத்து அண்ணாவிமாரிடமிருந்து பயபக்தியோடு கேட்டறிந்த வித்தியானந்தன், தேம்ஸ் நதிக்கரையில் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பியவர் என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் ஓர் உவகை உண்டாகிறது.

பின்னர் காலம் வேறுவிதமாகத் திரும்பி, படிப்புக்காக அல்லாமல் யுத்தத்துக்கு அஞ்சி நம்மவர்கள் இங்கே வரலானார்கள். நாடகமும் அவர்களோடு வந்தது. 1978இல் இலங்கையில் தொடங்கப்பட்ட தமிழ் அவைக்காற்று கலைக் கழகத்தை, க. பாலேந்திராவும் ஆனந்தராணி பாலேந்திராவும் இங்கே கொண்டுவந்து, லண்டனிலும் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிலும் நாடக விழாக்களை நடத்தி வந்திருக்கிறார்கள். டென்னஸி வில்லியம்ஸின் நாடகம் ‘கண்ணாடி வார்ப்புகள்’ ஆகவும், பிரெக்டின் நாடகம் ‘யுகதர்மம்’ ஆகவும், லோர்காவின் நாடகம் ‘ஒரு பாலை வீடு’ ஆகவும் தமிழ் பேசியது அவர்களுடைய மேடையில்தான்.

இத்தனை உழைப்பும் திரை விழுந்தவுடன் எங்கே போகிறது? லண்டனின் வெஸ்ட் எண்ட் அரங்குகளில் ஒரு நாடகம் மாதக்கணக்கில், சிலசமயம் வருஷக்கணக்கில் ஓடும். விமர்சகர் தவறு செய்தாலும் திருத்திக்கொள்ள அவகாசமுண்டு. நம்முடைய நாடகமோ ஒரு மாலை, மிஞ்சினால் இரண்டு மாலை. அன்று மண்டபத்தில் இருந்தவர்களின் ஞாபகத்தைத் தவிர வேறு இருப்பிடம் அதற்கில்லை. எட்மண்ட் கீன் என்ற நடிகர் 1814இல் ட்ரூரி லேன் அரங்கில் ஷைலக் என்னும் பாத்திரமாகத் தோன்றியது இன்றும் நமக்கு ஓரளவு கண்முன் நிற்கிறதென்றால், ஹாஸ்லிட் என்ற கட்டுரையாளர் அன்றிரவு சபையிலிருந்து அதைப் பத்திரிகைக்கு எழுதினார் என்பதே காரணம்.

நம்மிலும் எழுதியவர்கள் இருந்தார்கள். 1930களில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரோடு ஆனந்த விகடனில் ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதிய கல்கியின் பேனாவுக்கு வித்வான்களும் நடிகர்களும் அஞ்சினார்கள்; அஞ்சினாலும், அடுத்த இதழை அவர்களே முதலில் வாங்கிப் படித்திருப்பார்கள் என்று நான் ஊகிக்கிறேன். 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், யார் எந்த வேஷம் போட்டார், எது சோபித்தது, எது சோபிக்கவில்லை என்பதையெல்லாம் ‘நாடகமேடை நினைவுகள்’ என்று பல பாகங்களாகத் தாமே எழுதி வைத்தார். நடித்தவரே நடிப்பின் சரித்திரத்தையும் எழுத நேர்ந்தது நமக்கு அதிர்ஷ்டம். பார்த்தவர்கள் போதிய அளவு எழுதவில்லை என்பதற்கு அதுவே சாட்சியமும் ஆகும்.

லண்டனில் நம் நாடகங்களைப் பற்றி எழுதுபவருக்குள்ள சங்கடம் வேறு. ஹாப்ஸன் தாம் கண்டித்த நடிகரை அடுத்த சனிக்கிழமை ஒரு கல்யாண வீட்டில் சந்தித்துப் பக்கத்துப் பந்தியில் உட்காரவேண்டிய நிர்ப்பந்தம் இல்லாதவர். நம்மவருக்கோ கதாநாயகன் மைத்துனரின் சிநேகிதராக இருப்பார். ஒப்பனை செய்தவர் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையாக இருப்பார். ஆகவே, பிரதம விருந்தினர் விளக்கேற்றியதையும், பொன்னாடை போர்த்தியதையும், மண்டபம் நிறைந்து வழிந்ததையும் எழுதி, அனைவரும் சிறப்பாக நடித்தார்கள் என்று முடித்துவிட்டால் யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. ஆனால் அனைவரும் சிறப்பாக நடித்த நாடகத்தை நான் இன்றுவரை எந்த ஊரிலும் பார்த்ததில்லை. இரண்டாம் காட்சி இழுத்தது என்று தைரியமாக எழுதுகிறவரே, மூன்றாம் காட்சியில் அந்தத் தாய் ஒரு வார்த்தையும் பேசாமல் கதவைச் சாத்திய விதம் உயர்ந்தது என்று சொல்லும்போது நம்பத்தக்கவராகிறார். நடிகர்களும் இதை அறிவார்கள்; புகழ்ச்சியைவிட, தாங்கள் செய்த ஒரு சிறு காரியத்தை யாரோ கண்டுகொண்டார் என்பதே அவர்களுக்குத் திருப்தி.

அப்படி எழுத முன்வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாடகத்தின் கதையைச் சுருக்கிச் சொல்வதில் பாதி இடத்தைச் செலவழிக்காதீர்கள். பிரதி எங்காவது கிடைக்கும். எந்த மண்டபம், மேடை எவ்வளவு அகலம், எந்த வசனத்துக்குப் பாட்டிமார் சிரித்தார்கள், அதே வசனத்துக்குப் பேரப்பிள்ளைகள் ஏன் சிரிக்கவில்லை என்பவற்றை எழுதுங்கள். லண்டனில் பிறந்த ஒரு சிறுமி மேடையில் பேசும்போது அவளுடைய ழகரம் சற்றே நழுவும். வாக்கியத்தின் முடிவில் குரல் ஆங்கிலப் பிள்ளைகளுடையதைப்போல் மேலே எழும். அதை ஒரு குற்றமாக மாத்திரம் குறித்துக்கொண்டு போய்விடாமல், அந்தச் சிறுமி எப்படிப் பேசினாள் என்பதைக் காது கொடுத்துக் கேட்டு உள்ளபடியே எழுதி வையுங்கள். கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுக்குச் செய்த அந்தக் காரியத்தை, லண்டன் தமிழுக்கு இன்னும் யாராவது செய்தாக வேண்டியிருக்கிறது.