ஓடைக்கரை மரமும் பொதுப் பணமும்

(கமக்காரரும் அலுவலரும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



ஓடைக்கரையில் நிலம் வைத்திருப்பவன் தன் பயிரை விடுத்து, ஊர் நன்மைக்காக அங்கே மரம் நடவேண்டுமென்றால், அதற்குரிய செலவை யார் பொறுப்பது? இக்கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம். நீர் எல்லார்க்கும் பொது. கரையோ ஒருவனுக்குச் சொந்தம். பொதுவுக்கும் சொந்தத்துக்கும் இடையே எழும் இவ்வழக்கை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தார் எவ்வாறு தீர்க்க முயல்கின்றனர் என்பதை அறிவது நமக்குப் பயன் தரும்.

பென்சில்வேனியாவுக்குச் செசப்பீக் குடாவிலே ஓரடிக் கரையும் இல்லை. ஆயினும் அக்குடாவை அடையும் நன்னீரில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டு சேர்ப்பது அம்மாநிலத்தினூடாகப் பாயும் சஸ்குவஹன்னா ஆறே. வயலிலிட்ட பசளையிலும் மாட்டெருவிலும் உள்ள நைதரசனும் பொசுபரசும் மழைநீரோடு ஓடையில் இறங்கி, ஆற்றைச் சேர்ந்து, குடாவிலே பாசியைப் பெருக்குகின்றன. பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துபோகின்றது. மீனும் நண்டும் சிப்பியும் அழிகின்றன. மேலே உழுபவன் ஒருவன். கீழே வலை வீசிப் பட்டினி கிடப்பவன் வேறொருவன்.

குற்றம் முழுவதையும் கமக்காரன் தலையிற் சுமத்துதல் நீதியாகாது. அமெரிக்க நாட்டில் வீட்டு முற்றங்களிலும் நிறுவன வளவுகளிலும் வளர்க்கப்படும் புற்றரை ஏறத்தாழ 4 கோடி ஏக்கர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அது ஒருவர் பசியையும் தீர்ப்பதில்லை. அடிக்கடி வெட்டப்படும் அப்புல்லின் வேர் ஆழம் செல்லாது. இறுகிய மண்மீது பெருமழை கூரைமீது ஓடுவதுபோல் ஓடிவிடும். ஆதலால் பென்சில்வேனியா அரசு வயலோரத்துக்கு மட்டுமன்றிப் புற்றரைக்கும் மானியம் வழங்குகின்றது. புற்றரையை நீக்கி நாட்டுப் புல்லும் பூஞ்செடியும் நிறைந்த புல்வெளியாக்கலாம், அன்றி மரச்சோலையாக்கலாம். புல்வெளியை ஆண்டுக்கொருமுறை வெட்டினாற் போதும்.

ஓடைக்கரை மரங்கள் செய்யும் வேலை யாது? வேர்கள் கரையரிப்பைத் தடுக்கின்றன. ஈரமண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றை வாயுவாக்கி வானுக்கு அனுப்புகின்றன. நிழல் நீரைக் குளிர்விக்கின்றது. உதிர்ந்த இலை நீர்ப்பூச்சிகளுக்கு உணவாகின்றது. மத்திய அரசின் உதவி பெறுவதற்கு இம்மரவரிசை 35 அடி அகலத்துக்குக் குறையலாகாது. ஓடையை நன்கு காக்க 100 அடியாவது வேண்டுமென 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. கமக்காரனுக்கோ ஒவ்வோரடியும் விளைச்சல்! இங்கேதான் பணத்தின் கேள்வி பிறக்கின்றது.

அப்பணம் பல வாய்க்கால்களில் வருகின்றது. மத்திய அரசின் நில ஒதுக்கத் திட்டத்திற் சேரும் கமக்காரனோடு 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதப்படுகின்றது. நடுகைச் செலவிற் பங்கும் ஆண்டுதோறும் வாடகையும் அவனுக்கு உண்டு. மாநில அரசு உள்ளூராட்சி மன்றங்களுக்கும் பொதுநல அமைப்புகளுக்கும் மானியம் அளிக்க, அவை நிலமுடையோர் காணிகளில் நட்டுக் கொடுக்கின்றன. 2018ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வாகன அனுமதியைப் புதுப்பிக்கும் குடிமகன் விரும்பினால் 3 டொலரை மரநிதிக்கு அளிக்க வழி செய்தது. 2022ஆம் ஆண்டில் 22 கோடி டொலர் நீரோடை நிதியாக ஒதுக்கப்பட்டது. அதில் 15 கோடியே 40 இலட்சம் கமநிலங்களுக்கென வகுக்கப்பட்டு, மாவட்டந்தோறுமுள்ள மண்-நீர் காப்புச் சபைகளின் கையிற் கொடுக்கப்பட்டது. எந்த ஓடைக்கு முதலில் என்பதை அவ்வூரை அறிந்தவரே தீர்மானிக்கும் அம்முறையை நீங்கள் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இப்பணம் பிச்சையா? சட்டம் கற்றவர் என்ற முறையில், அல்ல என்கிறோம். 1971ஆம் ஆண்டில் அம்மாநில மக்கள் வாக்களித்துத் தம் அரசியல் சாசனத்தின் உரிமைப் பகுதியில் 27ஆம் பிரிவைச் சேர்த்தனர். தூய காற்றும் தூய நீரும் மக்களின் உரிமை. பொது இயற்கை வளங்கள் இனிப் பிறப்பவர்க்கும் சொந்தம். அரசு அவற்றின் தருமகர்த்தாவேயன்றி உடைமையாளன் அன்று என்பது அதன் சாரம். அரச வனங்களின் எரிவாயுவால் வரும் உரிமைப்பணம் அத்தருமத்துக்குரிய முதலென்றும், வேறு செலவுக்கு அதைத் திருப்பலாகாதென்றும் 2017ஆம் ஆண்டில் மாநில உயர்மன்றம் தீர்ப்பளித்தது. தருமகர்த்தா தன் கடமையைக் கமக்காரன் கையால் நிறைவேற்றுகின்றான். அதற்கு ஈடு கொடுக்கின்றான். மானியத்தின் உண்மைப் பொருள் இதுவே.

சமஷ்டி முறையில் இணக்கமும் வழக்கும் உடன்பிறந்தவை. குடாவுக்குள் எத்துணை மாசு சேரலாம் என்பதை மத்திய அரசு 2010ஆம் ஆண்டில் வரையறுத்தது. 2025ஆம் ஆண்டைத் தவணையாக்கிற்று. பென்சில்வேனியா பின்தங்கியதைக் கண்டும் மத்திய சுற்றாடல் நிறுவனம் வாளாவிருந்ததென, 2020ஆம் ஆண்டில் மேரிலாந்து முதலிய அயல் மாநிலங்கள் அந்நிறுவனத்தின்மீது வழக்கிட்டன. 2023ஆம் ஆண்டில் சமரசம் கண்டன. தவணையோ இலக்கு நிறைவேறாமலே கழிந்தது.

குறைகளையும் மறைக்கமாட்டோம். ஒப்பந்தம் முடிந்தபின் மரத்தை வெட்டி மறுபடியும் உழுவதற்குத் தடை யாது? நட்ட கன்றை மான் மேய்கின்றது, கொடி மூடுகின்றது, சில ஆண்டுக் காவலின்றேல் நட்ட பணம் நீரோடு போம். அரசாங்கப் பணத்தைத் தொடாத கொள்கையுடைய ஆமிஷ் கமக்காரர் பலரிடம் அதிகாரியின் படிவம் பயன்படாது. நம்பிக்கைக்குரிய அண்டை அயலாரும் தனியார் நிதியுமே வாயிலாகும். வரிசையின் வெளிப்புறத்திற் கொட்டைமரமும் பழச்செடியும் நட்டு வருவாய் காண இடமளித்திருப்பது நல்ல திருத்தம். பயன் தரும் மரத்தை எவனும் எளிதில் வெட்டான்.

அன்பர்களே, யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கல்லின் கீழே தேங்கும் நீரே எமது ஆறு. அங்கும் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுமீறி இருப்பது ஆய்வுகளிற் கண்ட உண்மை. ஓடைக்கரைத் திட்டம் அப்படியே இங்குப் பொருந்தாது. அதன் நீதி பொருந்தும். பசளையைக் குறை என்று கமக்காரனுக்குக் கட்டளையிடுபவர், அவன் இழப்பிற் பங்கேற்கவும் வேண்டும். ஈடு பெறும் கமக்காரன், அயலான் குடிக்கும் நீருக்குத் தானும் தருமகர்த்தா என்பதை மறவாதிருக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேரக் கேட்கும் துணிவு நமக்கு உண்டாகுக.