மழைக்குப் பின் திடல்

(கெலாங் பாத்தா வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



குளிர் நாடுகளில் பனிக்காலம் கழிந்ததும் கோல்ப் திடல்களின் புல் கருகியும் அழுகியும் கிடக்கும். அதனைச் சீர்ப்படுத்துவது அங்கே பெரும் பணி. கெலாங் பாத்தாவில் பனி பெய்வதில்லை. ஆயினும் நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, மழையைக் கொட்டி, நம் தோட்டத்துப் பந்துத் திடலுக்கும் அதே கேட்டினைச் செய்துவிடுகிறது. கோல் கம்பங்களின் முன்னே சேறு. நடுவிலே மஞ்சள் திட்டுகள்.

வெள்ளத்தில் புல் மூச்சுத் திணறியே மடிகிறது. மண்ணின் நுண்துளைகளில் நீர் நிறைந்துவிட்டால் வேருக்குக் காற்று கிடைப்பதில்லை. அவ்வீர மண்ணை மிதித்தாலோ துளைகளே மூடிக்கொள்கின்றன. இந்நிலையில் உரத்தை அள்ளி வீசுவது வீண் செலவு.

ஆகவே, முதலில் ஓரங்களில் வடிகால் வெட்டுங்கள். பிடித்த மண் கையில் உதிரும் அளவுக்குக் காய்ந்தபின், கவைமுள்ளால் 4 அங்குல ஆழத்திற்கு நெருக்கமாகக் குத்தி, துளைகளில் பருமணலை நிரப்புங்கள். ஆற்று மணலே வேண்டும். கடல் அருகில்தானே என்று கரை மணலை வாரி வந்தால், அதன் உப்பு எஞ்சிய புல்லையும் கொன்றுவிடும்.

வெற்றிடங்களில் அருகம்புல்லை நடலாம். பிள்ளையாருக்கு நாம் சாத்தும் இப்புல்லின் இனமே வெப்ப நாட்டுக் கோல்ப் திடல்களின் செல்வம். அமெரிக்காவின் டிஃப்டன் நகரில், இதனை ஓர் ஆப்பிரிக்கப் புல்லுடன் கலந்து புது வகைகளை உருவாக்கினர். 1965இல் வெளிவந்த டிஃப்டுவார்ஃப் அவ்வழி வந்ததே. அதற்கு முளைக்கும் விதை கிடையாது. தண்டை நட்டே பெருக்க வேண்டும். ஒட்டுக்கட்டிய பால்மரத்தை அறிந்த உங்களுக்கு இது விளங்கும். நமக்கோ திடலோரத்து அருகே போதும். இரண்டு மூன்று கணுக்கள் உள்ள தண்டுகளை, ஒரு கணு வெளியே தெரிய, அரையடிக்கு ஒன்றாக ஊன்றி, காலையும் மாலையும் நீர் தெளியுங்கள். புதுத்தளிர் கண்டபின் சிறிதளவு உரமிடலாம்.

இனி, கடினமான பகுதி. இரண்டு மாதமேனும் அங்கே எவரும் ஆடலாகாது. நான் முன்னர் ஆசிரியப் பணி புரிந்த ஒரு பள்ளியில், மாணவர் கெஞ்சியதற்கு மனமிரங்கி மூன்றாம் வாரமே பந்தைக் கொடுத்துவிட்டேன். அவ்வாண்டு முழுதும் சேற்றிலேதான் ஆடினோம்; குற்றம் என்னுடையதே. இளைஞர்களை வெறுமனே விரட்டினால் அவர்கள் சாலையில் ஆடுவர். கம்பங்களைப் பக்கவாட்டில் நகர்த்தி, நலமாயுள்ள பாதியில் சிறு திடல் அமைத்துக் கொடுங்கள். மறுபாதிக்குக் கயிறு கட்டும் வேலையையும் அவர்களிடமே ஒப்படையுங்கள்.