உதவித்தொகை யார் வீட்டுக் காசு?



பத்தாவதுக்கு மேல் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு வரும் உதவித்தொகையைச் 'சலுகை' என்றே எழுதிப் பழகியிருக்கிறார்கள். 1942-ல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்துகொண்டு அம்பேத்கர் மனுப் போட்டுக் கேட்டார். 1944-ல் திட்டம் வந்தது. கேட்டு வாங்கினது, யாரும் போட்ட பிச்சையில்லை.

வாங்கினதை நிறுத்தும் வழியும் கணக்கிலேயே இருந்தது. ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி வருசச் செலவு எவ்வளவோ, அடுத்த ஐந்து வருசமும் அதை மாநிலம்தான் சுமக்கணும். அதுக்கு மேலே போனாத்தான் டெல்லி தரும். ஒவ்வொரு திட்டத்துக்கும் மாநிலச் சுமை ஏறும், டெல்லிப் பங்கு தேயும். 2017-க்குப் பிறகு தேய்ந்தே போச்சு. அப்புறம் 2020 டிசம்பரில்தான் 60:40 என்று மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது: ஐந்து வருசத்துக்கு 59,048 கோடியில் டெல்லி பங்கு 35,534 கோடி. மாநிலம் தன் 40-ஐக் கொடுத்த பிறகே அந்த 60 புறப்படும், நேரே பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு.

இனி எங்க கவுண்டர். (நம்ம ஊரில் அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம் உண்டு, நான் சொல்றது கண்ணாடி போட்டதை.) ஒரு பிள்ளைக்கு மூணு கணக்கு இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஒண்ணு, முகாமில் ஒண்ணு, கல்லூரி சொன்னதுக்கு ஒண்ணு. "ஆதார் குடுத்தாச்சு சார்" என்கும். அடையாளத்துக்கு ஆதார் நகல் குடுப்பது வேறு, மானியம் வாங்க ஆதாரை இணைப்பது வேறு. அரசுப் பணம் கடைசியாக இணைத்த கணக்குக்கே போகும். பிள்ளை இந்தப் பாஸ்புக்கை வச்சிக்கிட்டு நிக்கும், காசு வேற பேங்கில் தூங்கும், கல்லூரிக்காரன் சான்றிதழைப் பிடிச்சு வச்சிக்குவான். எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். மாத்தணும்னா கிளையில் சம்மதக் கடிதம் ஒண்ணு போதும்.

"ரெண்டு வருசமா வரவு செலவில்லை, கணக்கு முடங்கிடுச்சு" என்று திருப்பி அனுப்பினால் நகராதீங்க. உதவித்தொகைக்காகத் திறந்த பூஜ்ய இருப்புக் கணக்கை அப்படி முடக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் சுற்றறிக்கை விட்டது. அந்த ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கு. இதைப் படிக்காத மேலாளர்கள் உண்டு. நானே காட்டிக் கொடுத்திருக்கேன், முகம் சுளித்தார்கள், கணக்கு திறந்தது.

பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்ற சான்றை ஜூன் மாசமே வாங்கி வைங்க. தாலுகா ஆபீஸ் வரிசையில் ஆகஸ்டுக்கு மேல் நின்றால் கூலி போகும், தேதியும் போகும்.